கிறிஸ்துமஸுக்கு வர்ற அம்மா வீட்டுக்காரங்ககிட்ட இயேசுவைப் பத்தி எப்படிப் பேசுறது?

கேள்வி: நான் இந்து குடும்பத்துல பிறந்து, கல்யாணத்துக்கு அப்புறம் ஆண்டவரை ஏத்துக்கிட்டவ. இந்த கிறிஸ்துமஸுக்கு முதல் தடவையா அம்மா, அப்பா, தம்பி குடும்பம் எல்லாரும் எங்க வீட்டுக்கு வர்றாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி பாஸ்டரை வரவெச்சு ஒரு சின்ன செய்தி கொடுக்கச் சொல்லலாம்னு இருக்கேன், அவர் வர்றது அவங்களுக்குத் தெரியாது. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்குற பலகாரத் தட்டுல இயேசுவைப் பத்தின கைப்பிரதி (சின்ன நோட்டீஸ்) வைக்கவும் ஆசை. வீட்டுக்காரர் வேண்டாங்கிறார். தம்பி வேற சபரிமலைக்கு மாலை போட்டிருக்கான். தீபாவளிக்கு அம்மா கொடுத்துவிட்ட பலகாரத்தை நான் வாங்கலைன்னு ஏற்கெனவே அவங்களுக்கு வருத்தம். என்ன செய்யலாம்?
— கோவை வாசகி

பதில்: சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. பாஸ்டர் வர்றதுல ஒண்ணும் தப்பில்ல, சொல்லாம வரவைக்கிறதுதான் தப்பு. சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டு, இலை போட்டு உக்காரவெச்சு, எந்திரிச்சுப் போக முடியாத நேரமா பார்த்து பிரசங்கம் ஆரம்பிச்சா உங்க அப்பா மரியாதைக்குத் தலையாட்டுவார், திரும்பிப் போற பஸ்ல "இதுக்குத்தான் கூப்பிட்டிருக்கா"ன்னு அம்மாகிட்ட சொல்வார், அடுத்த வருஷம் வரமாட்டாங்க. 1 பேதுரு 3:15ல நம்ம நம்பிக்கையைப் பத்தி விசாரிச்சுக் கேக்குறவங்களுக்கு சாந்தத்தோட பதில் சொல்ல ஆயத்தமா இருங்கன்னுதானே இருக்கு? நாம ஆயத்தத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு, அவங்க கேட்டாங்களாங்கிறதை விட்டுடறோம்.

கைப்பிரதியும் வேண்டாம். அடுத்த தீபாவளிக்கு பக்கத்து வீட்டம்மா அதிரசத்துக்கு அடியில அவங்க சாமி புஸ்தகத்தை வெச்சுக் கொடுத்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?

உங்க லெட்டர்ல எனக்குப் பெருசா பட்டது அந்த தீபாவளி பலகாரம்தான். நீங்க எழுதல, ஆனா பொட்டு, பூ விஷயத்துலயும் ஏதாவது நடந்திருக்கும்னு நினைக்கிறேன், நம்ம சபைகள்ல பாதி வீட்டுல இதே கதைதான். புருஷன் நல்லா இருக்கும்போதே மக வெறும் நெத்தியோட வந்து நிக்கிறா, கொடுத்துவிட்ட முறுக்கையும் தொடமாட்டேங்கிறா, அப்படின்னா உங்க அம்மாவைப் பொறுத்தவரைக்கும் இயேசுன்னா தன் பொண்ணைத் தன்கிட்ட இருந்து பிரிச்சவர். நீங்க எவ்வளவு அழகா சாட்சி சொன்னாலும் அவங்க காதுல "நீங்க எனக்கு வேண்டாம்"னுதான் விழும். 1 கொரிந்தியர் 10ல பவுல், அவிசுவாசி ஒருத்தர் விருந்துக்குக் கூப்பிட்டா வெச்சதை ஒண்ணும் விசாரிக்காம சாப்பிடுங்க, இது படைச்சதுன்னு யாராவது சொன்னா மட்டும் சாப்பிடாதீங்கங்கிறார். இதுல சபைக்கு சபை வித்தியாசம் உண்டு, உங்க மனசாட்சியை நான் மாத்தச் சொல்லல, ஆனா படைச்சதை வேண்டாங்கிறது வேற, அம்மா அடுப்புல சுட்ட முறுக்கையே வேண்டாங்கிறது வேற. அதனால முதல்ல ஒரு போன் போடுங்க. "அம்மா, தீபாவளிக்கு நான் அப்படிப் பண்ணது தப்பு, வர்றப்ப எனக்கு உன் கையால முறுக்கு சுட்டு எடுத்துட்டு வாம்மா"ன்னு சொல்லுங்க. பாஸ்டரோட செய்தியைவிட இது அதிகம் பேசும்.

அதே போன்லயே காலையில அஞ்சு மணி ஆராதனைக்கு நாங்க போவோம், விருப்பம் இருந்தா வாங்க, இல்லைன்னா வீட்டுல ரெஸ்ட் எடுங்கன்னு வெளிப்படையா சொல்லிடுங்க. மார்கழி மாசம், கோலம் போட அம்மா எப்படியும் அந்நேரத்துக்கு முழிச்சிருப்பாங்க, பேத்தி பாட்டு பாடுறதைப் பார்க்கவாவது வந்தாலும் வருவாங்க. வந்தா "எப்படி இருந்துச்சு"ன்னு குடைய வேண்டாம்.

தம்பி விஷயத்துல கொஞ்சம் கவனம். மாலை போட்டவங்க நிறைய பேர் வெளி வீட்டுல சாப்பிட மாட்டாங்க, அதனால அவன்கிட்டயே கேட்டுட்டு, சரின்னா தனிப் பாத்திரத்துல சைவமா செஞ்சு கொடுங்க. மட்டன் பிரியாணியை அவன் ஊருக்குப் போனப்புறம் வெச்சுக்கலாம், ஆண்டவர் ஒண்ணும் கோச்சுக்க மாட்டார். விக்கிரகம் பத்தின வாக்குவாதம் வேண்டவே வேண்டாம். பச்சைத் தண்ணியில குளிச்சு, செருப்பு போடாம விரதம் இருக்கிற பையன், அது எப்படிப் போகுதுன்னு நிஜமாவே கேளுங்க, அவனும் உங்களைக் கேப்பான்.

கேட்டா என்ன சொல்றது? மாற்கு 5ல பிசாசு பிடிச்சிருந்து சுகமானவன் இயேசுகூடவே வர்றேன்னு கெஞ்சுறான், அவரோ உன் வீட்டுக்குப் போய் கர்த்தர் உனக்கு இரங்கிச் செஞ்சதைச் சொல்லுங்கிறார். உனக்குச் செஞ்சதை, அவ்வளவுதான். ராத்திரி தூக்கம் வராம கிடந்தீங்களா, கோபம் குறைஞ்சிருக்கா, எதுவோ அதை ரெண்டு நிமிஷத்துல வீட்டுல பேசுற மாதிரியே சொல்லிட்டு நிறுத்திடுங்க. தம்பி பசங்களைத் தனியா கூப்பிட்டு ஜெபம் சொல்லிக்கொடுக்காதீங்க, அது அவங்க அப்பா அம்மாவைக் கேக்காம செய்யற விஷயம் இல்ல.

இந்த ஒரு பண்டிகையிலயே முடிக்கணும்னு உங்களுக்கு ஒரு அவசரம் தெரியுது. யோவான் 7ல கூடாரப்பண்டிகை நேரத்துல இயேசுவோட சகோதரர்களே அவரை விசுவாசிக்கல, போய் உன்னை உலகத்துக்குக் காட்டுன்னு குத்தலா பேசுறாங்க. அப்போஸ்தலர் 1ல பார்த்தா அதே சகோதரர்கள் மரியாளோட சேர்ந்து ஜெபத்துல உக்காந்திருக்காங்க. நடுவுல சிலுவையும் உயிர்த்தெழுதலும் நடந்தாச்சு.

அப்புறம், கேரல் ரவுண்ட்ஸ் டிரம்ஸோட ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து நிக்கும்னு அப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க, இல்லைன்னா தூக்கத்துல பதறிடுவார். கேக் ஆர்டர் பண்றப்ப தம்பிக்காக முட்டை போடாததா கேட்டு வாங்குங்க.