கீ ஒன்றுதான், பார்ட்டிஷன் ஒன்றா?

அன்புள்ள சார்,

காஃப்கா ஸ்ட்ரீம்ஸில் (காஃப்காவில் ஓடும் தரவைச் செயலாக்கும் ஜாவா நூலகம்) இரண்டு கேடேபிள்களை, அதாவது அட்டவணைகளை, ஜாயின் செய்கிறேன். ஒன்றில் வாடிக்கையாளர் விவரம், இன்னொன்றில் நிலுவைத் தொகை. இரண்டுக்கும் வாடிக்கையாளர் எண்தான் கீ. இரண்டு டாப்பிக்கிலும் (தரவு எழுதப்படும் வரிசை) 6 பார்ட்டிஷன் (அதன் துண்டு). ஆனால் இரண்டிலும் இருப்பவர்களை மட்டும் தரும் இன்னர் ஜாயினில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஆட்களே வருகிறார்கள். லாகில் பிழை எதுவும் இல்லை. விவரத்தை ஜாவா சர்வீஸ் எழுதுகிறது, நிலுவையைப் பைத்தான் ஸ்கிரிப்ட். விண்டோ (நேர வரம்பு) வைக்க வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விண்டோ வேண்டாம். அது இரண்டு ஸ்ட்ரீம்களைச் சேர்க்கும்போது தேவைப்படுவது. கேடேபிள் ஒவ்வொரு கீக்கும் கடைசி மதிப்பைக் கையில் வைத்திருக்கும். போன மாத விவரமும் இன்றைய நிலுவையும் தாராளமாகச் சேரும்.

நீங்கள் சொன்ன அந்த ஆறில் ஒரு பங்குதான் துப்பு. காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் வேலையைப் பிரித்துக்கொள்ளும் ஒவ்வொரு டாஸ்க்கும் இரண்டு டாப்பிக்கிலும் ஒரே எண்ணுள்ள பார்ட்டிஷனை மட்டும் படிக்கும். வாடிக்கையாளர் 1042-இன் விவரம் பார்ட்டிஷன் 2-லும் நிலுவை 5-லும் கிடந்தால் அவை சந்திக்கவே போவதில்லை. ஜாவா ப்ரொட்யூசர் (எழுதும் பக்கம்) கீயை முர்முர்2 என்ற ஹாஷ் (கீயை எண்ணாக மாற்றும் கணக்கு) போட்டுப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்கிறது. பைத்தான் பக்கம் லிப்ஆர்டிகாஃப்கா என்ற சி நூலகத்தின் மேல் கட்டிய கிளையண்ட் என்றால், இயல்பாக அது சிஆர்சி32 என்ற வேறு ஹாஷ். ஆறு பார்ட்டிஷனில் இரண்டும் தற்செயலாக ஒத்துப்போவது ஆறில் ஒரு முறை.

பார்ட்டிஷன் எண்ணிக்கை வேறுபட்டால் காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் தொடக்கத்திலேயே பிழை சொல்லி நின்றுவிடும். ஹாஷ் வேறுபடுவது அதற்குத் தெரிய வழியே இல்லை. பணக் கணக்கு இப்படிச் சத்தமில்லாமல் விடுபடுவது பயங்கரம். புதிய ஜாயின் எழுதும் ஒவ்வொருவரும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். விடுபட்ட ஒருவரின் எண்ணை எடுத்து, டாப்பிக்கைப் படித்துக் காட்டும் கன்சோல் கன்ஸ்யூமரில் பார்ட்டிஷன் எண்ணையும் காட்டச் சொல்லி இரண்டு டாப்பிக்கையும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சரி, திருத்தம். பைத்தான் ப்ரொட்யூசரில் பார்ட்டிஷனர் அமைப்பை முர்முர்2_ரேண்டம் என்று மாற்றுங்கள். ஆனால் அதே டாப்பிக்கில் தொடராதீர்கள். காம்பேக்‌ஷன் என்பது ஒரே கீயின் பழைய மதிப்புகளை நீக்குவது; அது ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் நடக்கும். இடம் மாறுகிறவர்களின் பழைய நிலுவை பழைய இடத்திலேயே தங்கி, ஒரே ஆளுக்கு இரண்டு பார்ட்டிஷனில் இரண்டு நிலுவை நிற்கும். புது டாப்பிக் போட்டு நிலுவை முழுவதையும் மறுபடி எழுதுங்கள், உங்கள் ஸ்ட்ரீம்ஸ் நிரலின் அடையாளமான அப்ளிகேஷன் ஐடியையும் புதிதாக வையுங்கள்.

ஸ்கிரிப்ட் வேறு டீமுடையது, தொட முடியாது என்றால் நிலுவையை ஸ்ட்ரீமாகப் படித்து ரீபார்ட்டிஷன் செய்து (பார்ட்டிஷன்களில் மறுபடி பிரித்து எழுதி), அப்புறம் டேபிளாக்குங்கள். காஃப்கா 2.6 முதல் அதற்குத் தனி மெத்தடே இருக்கிறது. 2.4-இல் வந்த ஃபாரின் கீ ஜாயினை யாராவது சொல்வார்கள். அது கீ வேறு வேறான டேபிள்களுக்கு, உங்களுக்கு அல்ல.