வாடை இல்லாவிட்டால் புகையூட்டிய மீன் நல்ல மீனா?

கேள்வி: புகையூட்டிய மீன் பாக்கெட்டைப் பிரித்து எட்டு நாள் ஆகிறது. ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. கெட்ட வாடை இல்லை. மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நன்றாக வறுத்துச் சாப்பிடலாமா? மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி.

பதில்: வேண்டாம், கொட்டிவிடுங்கள். பிரித்த பாக்கெட்டுக்கு மூன்று நாள்தான் கணக்கு.

அந்த வெள்ளை உப்பாகவும் இருக்கலாம். விரலால் தேய்த்தால் நறநறக்கும், ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்துவிடும். பஞ்சுபோல நின்றாலோ பச்சை, சாம்பல் நிறம் கலந்திருந்தாலோ பூஞ்சைதான். அந்த இடத்தை மட்டும் வெட்டியெறிந்து பயனில்லை. துண்டைத் தூக்கும்போது நூல் போலப் பிசின் இழுபட்டாலும், புளித்த நெடியோ மூக்கில் ஏறும் அமோனியா நெடியோ வந்தாலும், பிரிக்காத பாக்கெட் உப்பியிருந்தாலும் ருசி பார்க்காமல் எறியுங்கள்.

ஆனால் மூக்கை ஓரளவுக்குத்தான் நம்பலாம். லிஸ்டீரியா கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்லப் பெருகும்; வாடையே வராது. குளிர்ப்புகை, அதாவது சூடு குறைந்த புகை போட்ட மீன் உண்மையில் வேகாத மீன். கர்ப்பிணிகள், முதியவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் புதிதாகப் பிரித்ததைக்கூட உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரும்வரை, ஆவி பறக்கச் சூடாக்கியே சாப்பிட வேண்டும்.

அப்படியானால் வறுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை வெளியே கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். புகையோ கொதியெண்ணெயோ அதை அழிக்காது. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி, படபடப்பு வரும். பலர் இதை மீன் அலர்ஜி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வேக்குவம் பாக்கெட்டில் இன்னொரு சிக்கல். காற்றில்லாத இடமே, நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசக் கிருமிக்கு வசதி. மீனில் வரும் அதன் ஒரு வகை 3 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே வளரும். ஆகவே பாக்கெட்டை ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள். உள்ளே, குளிர் அதிகமான தட்டில், 3 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். ஒரு தெர்மாமீட்டரை அங்கே வைத்துப் பாருங்கள், ஃபிரிட்ஜில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப முடியாது. மூன்று நாளில் தீராது என்று தெரிந்தால் வாங்கிய அன்றே, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக, மைனஸ் 18 டிகிரியில் உறைய வையுங்கள். இரண்டு மூன்று மாதம் ருசி கெடாது. உறைநீக்கும்போது வேக்குவம் உறையைப் பிரித்துவிட்டு ஃபிரிட்ஜுக்குள்ளேயே இளகவிடுங்கள். மேஜையில் இரண்டு மணி நேரம் கிடந்த மீன் திரும்ப ஃபிரிட்ஜுக்குப் போகக் கூடாது; 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான்.

மருமகள் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் பதற வேண்டாம். லிஸ்டீரியா வெளிப்படச் சில வாரங்கள்கூட ஆகும். இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோ உடம்புவலியோ வந்தால், மீன் சாப்பிட்டதை மகப்பேறு மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் சாப்பிட்ட யாருக்காவது பொட்டுலிசத்தின் அறிகுறியாக இமை தொங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, விழுங்க முடியாவிட்டாலோ, பேச்சுக் குழறினாலோ, காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.