கடுமையான மலேரியா: வார்டிலிருந்து கேள்விகள்

தாதி, செந்தூல்: ஆர்ட்டிசுனேட் (மலேரியா ஊசி மருந்து) கலக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், டாக்டர்?

60 மி.கி. குப்பியில் முதலில் 1 மி.லி. சோடியம் பைகார்பனேட். பொடி கரைந்து தெளிந்த பிறகே 5 மி.லி. சலைன் (உப்புநீர்). இப்போது ஒரு மி.லி.யில் 10 மி.கி. இருக்கும். 60 கிலோ நோயாளிக்கு கிலோவுக்கு 2.4 மி.கி. வீதம் 144 மி.கி., அதாவது 14.4 மி.லி. மூன்றாவது குப்பியை உடைத்தே ஆக வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் 120தான் உள்ளே போகும். கலங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள். ஊசி 0, 12, 24ஆம் மணி நேரத்தில், பிறகு தினமும் ஒருமுறை. ரத்தச் சர்க்கரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

ஜாலான் ஈப்போ: பிளேட்லெட் 30,000. ஏற்றலாமா?

ரத்தம் கசியவில்லை என்றால் வேண்டாம்.

ஹவுஸ்மேன், பினாங்கு: ஃபால்சிபாரம் வகை மலேரியா, ரத்தத்தில் லாக்டேட் அமிலம் 6. டிங்கிக்கு ஓட்டுவதுபோல் சலைன் ஓட்டினால் இறங்காதா?

இறங்காது, தம்பி. டிங்கியில் ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா வெளியே கசிகிறது, இழந்ததை நிரப்புகிறோம். இங்கே கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டி வழியை அடைக்கின்றன. அடைப்புக்கு அப்பால் ஆக்சிஜன் போகாததால்தான் லாக்டேட் ஏறுகிறது. அதைத் திறப்பது ஆர்ட்டிசுனேட். 2011இல் வெளிவந்த ஃபீஸ்ட் ஆய்வில் உகாண்டா, கென்யா, தான்சானியாக் குழந்தைகளில் பாதிக்கு மேல் மலேரியா. போலஸ் (ஒரேயடியாக வேகமாக ஓட்டும் திரவம்) ஏற்றியவர்களிடையே இறப்பு கூடியது.

அதே ஹவுஸ்மேன்: அவர்கள் குழந்தைகள். என் நோயாளி பெரியவர், சிறுநீரும் குறைகிறது.

பெரியவருக்கு இன்னும் பயப்பட வேண்டும். அவர் நுரையீரல்தான் முதலில் நனையும். கிருமி எண்ணிக்கை இறங்கிய பிறகும் மூச்சுத்திணறல் வரும். வறண்டிருந்தால் மெதுவாக ஈடுசெய்யுங்கள், போலஸ் வேண்டாம். மணிக்கு மணி சிறுநீர் அளவு, மூச்சு எண்ணிக்கை, முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெத். நொறுநொறுவெனச் சத்தம் கேட்டால் டிரிப்பை நிறுத்துங்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) ஏறிக்கொண்டே போனால் டயாலிசிஸ் பிரிவை இன்றே அழையுங்கள். தண்ணீர் ஊற்றிச் சிறுநீரகத்தை எழுப்ப முடியாது.

செராஸ்: வலிப்பு வந்தது. டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு) கொடுக்கலாமா?

வேண்டாம். 1982இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வில் அது மயக்கத்தை நீட்டித்தது. முதலில் சர்க்கரை பாருங்கள்! 2.2 மி.மோல்/லி.க்குக் கீழே இருந்தால் உடனே டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்).

கெப்போங்: பிளேட்லெட் 22,000...

மேலே இருக்கிறது. படியுங்கள்.

லேப், பட்டர்வொர்த்: ஸ்லைடில் பி. மலேரியே என்ற மலேரியாக் கிருமி வகை தெரிகிறது.

மலேசியாவில் அதை நோலெசி என்ற வகை என்றே எடுத்துக்கொண்டு வைத்தியம் செய்யுங்கள். நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே முகம். நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். நாளை பார்க்கலாம் என்று விட்டால் ஒரு சுற்று முடிந்திருக்கும்.

பத்துமலை: அப்பா ஊசி முடிந்து வீட்டுக்கு வந்து 12 நாள். சிறுநீர் கோப்பி நிறத்தில் போகிறது, களைப்பு.

இன்றே அழைத்துப் போங்கள். ஆர்ட்டிசுனேட் கொடுத்து 7 நாளுக்குப் பிறகு, மருந்து கிருமியைக் கொன்று விட்டுவைத்த சிவப்பணுக்கள் உடையலாம். ஊசி போட்ட தேதியைச் சொல்லி ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 28ஆம் நாள்வரை வாரம் ஒருமுறை.