ஒன்பது வெற்றி போதாத ஊர்

அன்புள்ள சார்,

போன மாதம் வேலை இழப்பதைப் பற்றி எழுதிய குறிப்பில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வருடம் தவறாமல் ஒன்பது ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த கோச்சை அனுப்பிவிட்டு இன்னமும் புலம்பிக்கொண்டிருக்கும் ஊர் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது என்று. படித்ததும் சிரித்துவிட்டேன். நான் அந்த ஊர்க்காரன்தான்.

2009-இல் எம்.எஸ். படிக்க நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கனுக்கு வந்தேன். வந்த புதிதில் அமெரிக்கக் கால்பந்தின் விதிகளே தெரியாது. டிசம்பரில் ஒருநாள் அறை நண்பர்கள் டெக்ஸாஸுடனான பிக் 12 லீக் இறுதி ஆட்டத்தை டிவியில் போட்டார்கள். நெப்ராஸ்கா 12-10 என்று முன்னால். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, எங்கள் ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுகிறார்கள். அப்போது நடுவர்கள் வீடியோவைப் பார்த்து ஒரே ஒரு வினாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வினாடியில் 46 கஜத்திலிருந்து டெக்ஸாஸ்காரன் உதைத்தான். 13-12. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் சிவப்பு பனியன் ஒன்று வாங்கினேன், இன்னும் அதைத்தான் போடுகிறேன்.

2012-இல் இண்டியானாபோலிஸுக்குப் பத்து மணி நேரம் கார் ஓட்டிப் போய் விஸ்கான்சினுடனான ஆட்டத்தையும் நேரில் பார்த்தேன். 70-31. அதைப் பற்றி வேண்டாம்.

என் அலுவலகத்தில் அறுபதைத் தாண்டிய உள்ளூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். 2014-இல் கோச் போ பெலினியை அனுப்பியது சரி, அவர் இடத்துக்கு ஆள் பிடித்ததில்தான் தப்பு என்பது அவர் கட்சி. அனுப்பியதே தப்பு என்பது என் கட்சி. பத்து வருடமாக மதியச் சாப்பாட்டு மேசையில் இந்தச் சண்டை ஓடுகிறது. பெயரிலேயே 'போ' என்று இருந்தால் போகச் சொல்லத்தானே செய்வார்கள் என்பது என் மனைவி கட்சி. யார் சரி? அப்புறம் இன்னொன்று, ஒரு புள்ளியில் தோற்பது அதிகம் வலிக்குமா, முப்பத்தொன்பது புள்ளியில் தோற்பதா?

ஆர்.,
ஒமாஹா

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவரளவுக்குச் சுருக்கமாக என்னால் பதில் சொல்ல முடியாது.

முதலில் மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம். இது நம்மூர்க் கால்பந்து இல்லை. இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, எறிந்து, முட்டி மோதி, கஜம் கஜமாக முன்னேறும் அமெரிக்க ஆட்டம். அதிலும் இது கல்லூரி அணிகளின் ஆட்டம். நெப்ராஸ்காவின் மொத்த மக்கள்தொகையே இருபது லட்சத்தை ஒட்டித்தான். பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் லிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தின் கார்ன்ஹஸ்கர்ஸ், அதாவது மக்காச்சோளக் கதிர் உரிப்பவர்கள். 1962 நவம்பரிலிருந்து உள்ளூர் ஆட்டம் ஒன்றுக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 85,000 பேர் உட்காரும் அந்த மைதானம் நிறைந்துவிட்டால், அன்று ஒரு மதியத்துக்கு அதுதான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர். சீசனுக்குப் பன்னிரண்டு ஆட்டம், அப்புறம் தகுதி இருந்தால் லீக் இறுதி, சீசன் முடிந்தபின் 'பவுல்' என்று ஒன்றிரண்டு கூடுதலாக. ஒன்றில் தோற்றால் அடுத்த சனிக்கிழமை வரை அந்தக் கசப்போடு திரிய வேண்டும். கடைசி ஆட்டத்தில் தோற்றால் எட்டு ஒன்பது மாதம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு உங்கள் கடிதமே பதில் சொல்லிவிட்டது. 2009 தோல்விக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், கடிகாரம், வினாடி, கஜம், அன்று ராத்திரி சாப்பிடாதது எல்லாம் அதில் இருக்கிறது. 2012-க்கு எண்ணை மட்டும் எழுதி "வேண்டாம்" என்று முடித்துவிட்டீர்கள். முதலாவது வலி, இரண்டாவது அவமானம். வலியைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம், சொல்லச் சொல்ல அது கொஞ்சம் இனிக்கக்கூடச் செய்யும். பத்து மணி நேரம் கார் ஓட்டிப் போய், ஏற்கெனவே அந்த செப்டம்பரில் நாம் 30-27 என்று ஜெயித்த ஒரு அணி, அதுவும் பிரிவில் மேலே இருந்த இரண்டு அணிகளுக்குத் தடை இருந்ததால் மட்டுமே அங்கே வந்து சேர்ந்த அணி, பாதி ஆட்டத்துக்குள் 42-10 என்று ஏறிவிட்டு, மொத்தம் 539 கஜம் சும்மா ஓடியே எடுத்ததை உட்கார்ந்து பார்த்தேன் என்பதை யாரிடம் எப்படிச் சொல்ல? ஒவ்வொரு முறையும் அதே மாதிரி ஓடினார்கள், ஒவ்வொரு முறையும் தடுக்க ஆள் இல்லை.

ஆனால் இதில் ஒரு சூது இருக்கிறது. ஒரு புள்ளித் தோல்வி நம்மை ஏமாற்றும். அந்த 2009 ஆட்டத்தைப் பற்றி நெப்ராஸ்காக்காரர்கள் எல்லாரும் அந்த ஒரு வினாடியைச் சொல்வார்கள். அன்று நெப்ராஸ்காவின் 12 புள்ளியும் நான்கு ஃபீல்டு கோல்களில் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) வந்தவை, ஒரு டச் டவுன்கூட (பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளி) இல்லை என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். நடாமுகோங் சூ என்ற ஒற்றை ஆள் டெக்ஸாஸின் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவனை, துரத்தித் துரத்தித் தரையில் போட்டுக்கொண்டிருந்தான், இந்தப் பக்கம் பந்து கையில் இருக்கும்போது எதுவுமே நடக்கவில்லை. முன்னுக்கு வந்த பிறகு ஆட்டத்தை மறுபடி தொடங்க உதைத்த கிக்காஃப் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது, எதிரிக்கு இலவசமாக நல்ல இடம் கிடைத்தது. நடுவர் திருடிவிட்டார் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது.

இன்னொன்றும் உண்டு, இதை உங்கள் அலுவலக நண்பர் நிச்சயம் அறிந்திருப்பார். 1994 ஜனவரி 1, ஆரஞ்ச் பவுல், ஃப்ளோரிடா ஸ்டேட் 18, நெப்ராஸ்கா 16. அன்றும் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விட்டது, அன்றும் நடுவர்கள் ஒரு வினாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் நெப்ராஸ்காவுக்கு. 45 கஜத்திலிருந்து உதைத்தார்கள். பந்து இடது பக்கம் விலகிப் போய்விட்டது. அப்படிப் பார்த்தால் கடவுள் சமமாகத்தான் பங்கு போட்டிருக்கிறார், ஆனால் அந்த வினாடியைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

சரி, முதல் கேள்வி. பெலினி 2008-இலிருந்து 2014 வரை ஏழு சீசன். 9, 10, 10, 9, 10, 9, 9 வெற்றிகள். முதல் ஆறு சீசனிலும் அச்சு மாறாமல் நான்கு தோல்வி. அனுப்பப்பட்ட அன்று அந்த சீசனில் மூன்று, கோச் இல்லாமல் போன பவுல் ஆட்டத்திலும் தோற்று அதையும் நான்காக்கினார்கள். இதைவிடச் சீரான மனிதரை நீங்கள் வங்கியில்கூடப் பார்க்க முடியாது. ஆனால் ரசிகன் அந்த ஒன்பதை எண்ணுவதில்லை, மிச்சமுள்ள நான்கைத்தான் எண்ணுகிறான். 2014-இல் அதே விஸ்கான்சின் 59-24, மெல்வின் கார்டன் என்ற ஒரே ஆள் 408 கஜம் ஓடினான். இரண்டு வருடம் கழித்தும் அதே ஓட்டை அடைக்கப்படவில்லை. அந்த இடத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஒரு கோச் பத்து வருடம் தோற்கலாம், ஒரே மாதிரித் தோற்றுக்கொண்டே இருக்கக்கூடாது. போதாக்குறைக்கு அவர் வாயும் சும்மா இருக்கவில்லை. ரசிகர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிய ஒலிப்பதிவு 2013-இல் வெளியே வந்தது. (அடுத்த ஏப்ரலில் பயிற்சி ஆட்டத்துக்கு ஒரு பூனையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார் என்பதற்காக எனக்கு அந்த மனிதர் மீது இன்னும் ஒரு பிரியம் உண்டு.)

ஆனால் சண்டையில் நான் உங்கள் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

2003 நவம்பர் கடைசியில் நான் லிங்கனில் தங்கை வீட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமை நெப்ராஸ்கா கொலராடோவை ஜெயித்தது, சீசன் கணக்கு 9-3, அதாவது ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி. சனிக்கிழமை கோச் ஃப்ராங்க் சோலிச்சை வேலையைவிட்டு நீக்கினார்கள். ஞாயிறு காலை பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். ஜெயித்த மறுநாளே அனுப்பிவிட்டார்களே, வருத்தமாக இருப்பார் என்று நினைத்து ஏதோ ஆறுதலாகச் சொன்னேன். மனிதர் சந்தோஷமாக இருந்தார். ஒன்பதெல்லாம் ஒரு வெற்றியா என்கிற மாதிரி ஒரு கையசைப்பு. அந்தக் கையசைப்பு எனக்கு வெகுநாள் புரியவில்லை.

பிறகு ஒரு கணக்கைப் பார்த்தபோது புரிந்தது. 1969-இலிருந்து 2001 வரை 33 சீசன், ஒன்றில்கூட நெப்ராஸ்கா ஒன்பது வெற்றிக்குக் கீழே போனதில்லை. அந்த மனிதருக்கு நாற்பது வயது இருக்கும். அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒன்பது வெற்றி என்பது மக்காச்சோளம் மாதிரி, விதைத்தால் விளையும். அதற்கு மேல் எத்தனை என்பதுதான் கோச்சின் சாமர்த்தியம். அந்த ஒன்பதே யாரோ ஒருவர் தோளில் நிற்கிறது என்று அவருக்குத் தோன்ற நியாயமே இல்லை. உண்மையில் அந்த மண்ணில் அப்படி எதுவும் தானாக விளையவில்லை. ஆள் குறைவான மாநிலம், உள்ளூரில் கிடைக்கும் பையன்கள் கொஞ்சம். 1969-இலேயே எடை தூக்கும் பயிற்சிக்கென்று பாய்டு எப்லி என்பவரைத் தனியாக வேலைக்கு வைத்தார்கள், அப்போது வேறு கல்லூரிகளில் அது அபூர்வம். உதவித்தொகை இல்லாமல் பண்ணை ஊர்களிலிருந்து தானாக வந்து சேர்ந்த பையன்களை வருடக்கணக்கில் வளர்த்தார்கள். இதெல்லாம் சேர்ந்துதான் அந்த ஒன்பது.

அதே ஊர்தான் டாம் ஆஸ்போர்னையும் வைத்துக் காப்பாற்றியது. 1973-இல் தலைமை கோச்சாக வந்தார், முதல் ஐந்து வருடமும் ஓக்லஹோமாவிடம் தோற்றார். 1984 ஜனவரி 2, மயாமியுடன் ஆரஞ்ச் பவுல், 48 வினாடி மிச்சமிருக்க டச் டவுன் போட்டு மயாமி 31, நெப்ராஸ்கா 30. அப்போது கூடுதல் நேரம் கிடையாது. ஒரு புள்ளிக்கு உதைத்துச் சமன் செய்திருந்தாலே சாம்பியன் பட்டம் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். ஆஸ்போர்ன் உதைக்காமல், பந்தை மறுபடி கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்து இரண்டு புள்ளி எடுத்து ஜெயிக்கப் பார்த்தார், எறிந்த பந்து எதிரி விரலில் பட்டுத் திரும்பி விழுந்தது. பெரிய ஆட்டம் ஜெயிக்கத் தெரியாதவர் என்ற பேச்சு பத்து வருடம் ஓடியது. முதல் பட்டம் 1994 சீசனில், அவருக்கு 22-ஆவது சீசன். அப்புறம் 1995, 1997. மொத்தம் 25 சீசன், ஒன்றில்கூட ஒன்பதுக்குக் குறைவில்லை.

சோலிச் போன அடுத்த வருடம் 5-6. நாற்பது வருடத்துக்கும் மேல் காணாத தோல்விக் கணக்கு. பெலினி போன பிறகு நடந்தது உங்களுக்கு மனப்பாடம், மற்றவர்களுக்குச் சுருக்கமாக: மைக் ரைலி 19-19, அவருடைய முதல் ஆட்டமே கடைசி எறியில் தோல்வி. அடுத்து 1997 சாம்பியன் அணியின் குவார்ட்டர்பேக், ஊர்ப்பிள்ளை, ஸ்காட் ஃப்ராஸ்ட், 16-31. 2017-இலிருந்து 2023 வரை தொடர்ந்து ஏழு சீசன் தோல்விக் கணக்கு. பெலினியின் ஏழுக்குச் சரியாக ஏழு.

ஃப்ராஸ்ட் விஷயத்தில்தான் வலி எப்படிக் கண்ணை மறைக்கும் என்று தெரிந்தது. 2021-இல் 3-9. ஒன்பது தோல்வியும் ஒன்பது புள்ளிக்குள். ஜெயித்த மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் எதிரணிகளைவிட 63 புள்ளி அதிகம் எடுத்திருக்கிறார்கள், மூன்றே வெற்றி. இதோ வந்துவிட்டோம், இன்னும் ஒரு புள்ளி, இன்னும் ஒரு கிக் என்று ஊரே நம்பியது. சம்பளத்தைக் குறைத்துவிட்டு அவரை வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆகஸ்டில் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 என்று முன்னால் இருக்கும்போது, யாரும் கேட்காமல், பந்தைத் திரும்பப் பிடிக்கலாம் என்று ஒரு குட்டி கிக்காஃப் அடிக்கச் சொன்னார். பிடிக்க முடியவில்லை. 31-28. இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மைதானத்தில் 45-42. மறுநாள் நீக்கினார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் கொடுக்க வேண்டிய தொகை பாதியாகியிருக்கும். ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து அனுப்பினார்கள். இருபது நாள் பார்க்கச் சகிக்காததற்கு விலை 75 லட்சம் டாலர். ஒன்பது ஜெயித்தவரை அனுப்பிய கை, இந்த மூன்றை வைத்துக்கொண்டது. ஏனென்றால் பெலினி தோற்றபோது அவமானமாக இருந்தது, ஃப்ராஸ்ட் தோற்றபோது வலித்தது, வலிக்கிற இடத்தில் உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆள் மாற்றியதில்தான் தப்பு என்று உங்கள் நண்பர் சொல்வதை நான் முழுசாக ஒதுக்கவில்லை. 2011-இல் பிக் 12 லீக்கை விட்டு பிக் டென் லீக்குக்குப் போனதில் டெக்ஸாஸ் பக்கம் ஆள் எடுப்பது கடினமாகிவிட்டது என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் அந்தக் காரணங்களெல்லாம் பெலினி இருக்கும்போதும் இருந்தன. அவற்றோடு சேர்த்துத்தான் அவர் ஒன்பது கொடுத்தார். 2024 டிசம்பரில் நியூயார்க்கில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்து 7-6 என்று முடித்தபோது, எட்டு வருடம் கழித்து ஒரு பவுல் ஆட்டம் என்று ஊர் கொண்டாடியதே, நீங்களும் அந்த பனியனைப் போட்டிருப்பீர்கள்.

வருகிற சீசனில் ஒரு ஆட்டத்துக்கு வரச்சொல்லி நீங்கள் எழுதினால் வருகிறேன். செப்டம்பரில் மட்டும். நவம்பர்க் குளிரில் அந்த அலுமினிய பெஞ்சில் உட்கார எனக்கு வயதில்லை.

அதற்குள் உங்கள் நண்பரிடம் ஒன்று கேட்டு வையுங்கள். 1984 ஜனவரி 2 ராத்திரி அவர் எந்த வீட்டில், யாரோடு உட்கார்ந்து அந்த இரண்டு புள்ளி முயற்சியைப் பார்த்தார்? அறுபதைத் தாண்டியவர் என்றால் அப்போது இருபதுக்குப் பக்கத்தில் இருந்திருப்பார். மதியச் சாப்பாட்டு நேரம் போதாது, வெள்ளிக்கிழமை மாலையாகப் பார்த்துக் கேளுங்கள்.