பயணிகள் பட்டியலில் பெயர் இல்லையென்றால் கதை பொய்யா?

வணக்கம் சகோதரி. கணவர் வழி முன்னோர் 1772-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிமிலிருந்து தென் கரோலினாவுக்குக் கப்பலேறியதாக வீட்டில் சொல்கிறார்கள், பயணிகள் பட்டியலில் பெயரே இல்லை, கதை பொய்யோ என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்க அரசு கப்பல் பட்டியல்களை முறையாக வாங்கத் தொடங்கியதே 1820-இல்தான்.

நீங்கள் பார்க்க வேண்டியது நிலப் பதிவு. அந்த வருடம் வில்லியம் மார்ட்டின் என்ற பிரெஸ்பிடீரியன் (புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவு) போதகரோடு தொடர்புடைய ஐந்து கப்பல்கள், ஆன்ட்ரிம் அடங்கிய வட அயர்லாந்துப் பகுதியான அல்ஸ்டரிலிருந்து தென் கரோலினாவின் துறைமுகமான சார்ல்ஸ்டனுக்குப் போயின. குத்தகை உயர்வு தாங்காமல் கிளம்பிய குடும்பங்கள் அவற்றில் ஏராளம். ஆன்ட்ரிமின் லார்ன் துறைமுகத்திலிருந்து வந்த 'ஜேம்ஸ் அண்ட் மேரி' கப்பலில் பெரியம்மை கண்டதால், கரை தெரிந்தும் இறங்க விடாமல் சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலிலுள்ள சல்லிவன் தீவருகே நிறுத்தி வைத்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

இறங்கியவர்கள் நிலம் கேட்டு மனு போட்டார்கள். அந்தப் பெயர்கள் காலனி ஆளுநர் சபையின் குறிப்பேடுகளில் இருக்கின்றன. தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். பெயருக்கு எதிரே உள்ள ஏக்கர் கணக்கை விட்டுவிடாதீர்கள். குடும்பத் தலைவருக்கு 100, கூட வந்த ஒவ்வொருவருக்கும் 50 என்பது வழக்கம். 350 என்றிருந்தால் பெரும்பாலும் ஆறு பேர்.

பெயரின் எழுத்துக்கூட்டலை நாலைந்து விதமாக மாற்றித் தேடுங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார். குடும்பப் பெயரைச் சொன்னால் நானும் தேடித் தருகிறேன்.