பையன் கேங்கில் சேர்ந்துவிட்டானா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

கேள்வி கேட்டவர் ஓர் அத்தை. மலேசியாவின் கிள்ளானில், இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும் தம்பி மகன், 14 வயது. பச்சை எதுவும் குத்தவில்லை, இதுவரை பள்ளியில் பெரிய புகாரும் இல்லை, ஆனாலும் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் படுகிறது. எதைக் கவனிக்க வேண்டும், போலீசுக்குப் போகலாமா, பள்ளியை மாற்றினால் தீருமா என்று கேட்டிருக்கிறார். நான் சிலாங்கூரில் இடைநிலைப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், வேலைக்காலத்தில் பெரும்பகுதி கட்டொழுங்கு ஆசிரியர் பொறுப்பு, அதனால் இந்தப் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பச்சை, சட்டையில் எண், பக்கவாட்டில் கோடு போட்ட முடிவெட்டு, இதையெல்லாம் முதலில் ஒதுக்கி வையுங்கள். பள்ளிகளில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் இவற்றைத்தான் படம் போட்டுக் காட்டுவார்கள். ஆனால் பச்சை குத்துகிற அளவுக்கு ஒரு பையன் போயிருந்தால் அதைக் கண்டுபிடிக்க அத்தை தேவையில்லை, தெருவுக்கே தெரிந்திருக்கும். அதோடு, நோட்டுப் புத்தகத்தில் 04, 36 என்று கேங்குகளின் எண்களைக் கிறுக்குகிறவர்களில் பாதிப் பேர் சும்மா பந்தாவுக்குச் செய்கிறவர்கள். நிஜமாகவே உள்ளே இருக்கிற பையனை, மேலே இருக்கிறவன் "எதையும் காட்டிக்காதே" என்று சொல்லித்தான் வைத்திருப்பான்.

நான் பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வி வேறு. உங்கள் பையனுக்கு இருந்த ஏதாவது ஒரு தொல்லை திடீரென்று தீர்ந்துபோனதா? போன வருஷம் வரை கேண்டீனில் காசைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள், பேருந்தில் அடித்தார்கள், சட்டை கிழிந்து வந்தான், இப்போது யாரும் அவனைத் தொடுவதே இல்லை. வீட்டில் இதைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம் ஆரம்பிக்கும், ஏனென்றால் ஆசிரியரிடம் யாரும் புகார் கொடுக்கவில்லை, அடித்தவர்கள் மேல் நடவடிக்கை இல்லை, பையனும் அப்படியொன்றும் பலசாலியாக மாறிவிடவில்லை, அப்படியிருக்க யார் தீர்த்து வைத்தது? கேங் ஒரு பையனிடம் முதலில் வருவது உதவியாகத்தான் வரும். "யாருடா உன்னை அடிச்சது, சொல்லு, அண்ணன் பாத்துக்கிறேன்." அவ்வளவுதான். அப்புறம் பல மாதங்களுக்கு ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பிறகு கேட்பது சின்னச் சின்ன வேலைகள். இந்தப் பொட்டலத்தை அந்தக் கடையில் கொடுத்துவிடு. வகுப்பில் யார் யாரிடம் காசு இருக்கிறது சொல்லு. வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) வசூல் பண்ணு. பெண் பிள்ளைகளையும் இப்படிப் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் பையைச் சோதிக்க ஆண் ஆசிரியர்கள் தயங்குவோம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே பையன் கையில் புதுச் செருப்பு, புது கைப்பேசி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அவன் கையில் *அவனுடையது இல்லாத* காசு, கசங்கிய ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகளாக, வந்து வந்து போகிறதா என்று பாருங்கள். வசூல் குறைந்தால் பொறுப்பு அவனுடையது. அம்மா பர்ஸில் காசு காணாமல் போவது பல வீடுகளில் இதனால்தான், நாமோ போதைப்பொருள் என்று நினைத்து வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்போம்.

அடுத்தது, எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றும் அறிகுறி: அவன் எங்கே போக மறுக்கிறான் என்பது. எங்கே போகிறான் என்றுதான் எல்லாரும் துப்பறிவார்கள். ஒரு எண்ணைச் சேர்ந்தவனுக்கு இன்னொரு எண்ணின் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கால் வைக்க முடியாது. அதனால் சின்ன வயதிலிருந்து போய்வந்த பாட்டி வீட்டுக்கு இப்போது வரமாட்டேன் என்பான், வழக்கமான மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடக் கூப்பிட்டால் வேறு கடைக்குப் போகலாம் என்பான், டியூஷனுக்குச் சுற்று வழியில் போவான், காரில் போகும்போது ஒரு குறிப்பிட்ட விளக்குக் கம்பம் அருகே வந்ததும் சீட்டில் சரிந்து உட்காருவான். காரணம் கேட்டால் "சும்மா" என்பான். இப்படி இரண்டு மூன்று இடங்கள் சேர்ந்துவிட்டால் கவலைப்பட வேண்டியதுதான்.

நேரத்தையும் பாருங்கள். படிவம் இரண்டு என்கிறீர்கள், அப்படியானால் உங்கள் பகுதியில் பெரும்பாலும் மதியப் பள்ளியாக இருக்கும். காலை முழுவதும் வீட்டில் யாரும் இல்லை, அப்பா தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட், அம்மாவும் வேலைக்குப் போயிருப்பார். மதியம் காலைப் பள்ளியின் பெரிய பையன்கள் வெளியே வருகிற அதே நேரத்தில் சின்னவர்கள் உள்ளே போகிறார்கள். அந்த அரை மணி நேரமும் பள்ளி வாசலுக்கு எதிரே இருக்கும் கடைகளின் ஐந்தடி நடைபாதையும்தான் ஆள் பிடிக்கிற இடம். பள்ளியை விட்டுப் போன பதினெட்டு, இருபது வயதுக்காரன் மோட்டாரில் சும்மா வந்து நிற்பான். யாருக்கும் அண்ணன் இல்லை, யாரையும் அழைத்துப் போக வரவில்லை, ஆனால் தினமும் வருவான், சின்னவர்களுக்குத் தண்ணீர் வாங்கித் தருவான். காவலாளி கேட்டைத் தாண்டி வரமாட்டார், ஆசிரியர்கள் நாங்களும் உள்ளே வருகைப் பதிவில் இருப்போம். நீங்கள் ஒரு நாள் அந்த நேரத்துக்கு அங்கே போய் நின்று பாருங்கள், பையனுக்குத் தெரியாமல் அல்ல, தெரிந்தே. ஒரு பெரியவர் அங்கே அடிக்கடி நிற்பதே பாதி மருந்து.

இன்னும் சில விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசி அடித்ததும் சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓடுவது. காதலியிடமிருந்து வந்த அழைப்பென்றால் முகம் வேறு மாதிரி இருக்கும், இது பயத்தில் ஓடுவது. குழுவில் வந்த செய்திகளை அன்றன்றே அழிப்பது. முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் இறப்புக்குக் கறுப்புச் சட்டையில் போய்வருவது, "யாருடா செத்தது" என்றால் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. இறுதி ஊர்வலத்தில் எவ்வளவு கூட்டம் கூடுகிறது என்பது இவர்களுக்குப் பெரிய கௌரவம், கேங் சட்டையும் கொடியுமாகப் போனவர்களை போலீஸ் பிடித்திருக்கிறது. தைப்பூசத்தில் காவடிக் குழு என்ற பெயரில் ஒரே மாதிரி சட்டை தைப்பதும் உண்டு, ஆனால் எல்லாக் காவடிக் குழுவும் கேங் இல்லை, கோயிலுக்குப் போகிற பையனைச் சந்தேகப்பட்டு இருக்கிற ஒரு நல்ல பழக்கத்தையும் கெடுத்துவிடாதீர்கள்.

தப்பாக முத்திரை குத்துவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2013 ஆகஸ்டில், தொடர் துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகு, உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 18, 24, 36 என்று நம் ஆட்கள் காதும் காதும் வைத்தாற்போல் பேசிக்கொண்டிருந்த எண்கள் பத்திரிகையில் அச்சாகின. அடையாளம் காணப்பட்ட உறுப்பினர்கள் சுமார் 40,000 பேர், அதில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றார்கள். நாட்டு மக்கள் தொகையில் நாம் ஏழு விழுக்காடு அளவுதான். அது போலீஸ் அடையாளம் கண்ட கணக்கு, மேலே இருந்து பணம் பண்ணுகிறவன் அதில் எத்தனை பேர், தெருவில் நின்று அடிபடுகிற சின்னப் பையன் எத்தனை பேர் என்று அது பிரித்துச் சொல்லாது. ஆனால் அன்றிலிருந்து பல பள்ளிகளில் நாலு தமிழ்ப் பையன்கள் சேர்ந்து நின்றாலே கேங் என்று பார்க்கிற பார்வை வந்துவிட்டது. சக ஆசிரியர்கள் சிலர் பெயர் கூப்பிடும்போதே "எந்த நம்பர்?" என்று கிண்டலாகக் கேட்பதைக் காதால் கேட்டிருக்கிறேன். வகுப்பில் அந்தக் கிண்டலைக் கேட்டுச் சிரிக்கிற பையன், வாசலில் அவனை மரியாதையாகத் "தம்பி" என்று கூப்பிடுகிறவனிடம் போய் நிற்பதில் என்ன ஆச்சரியம்?

இந்த எண்கள் நாம் கண்டுபிடித்ததும் இல்லை, சீன ரகசியச் சங்கங்களிலிருந்து வந்தவை. பினாங்கில் 1867 கலவரத்தின்போதே வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்று மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் இருந்த சங்கங்கள் சீனச் சங்கங்களுக்கு ஆளுக்கொரு பக்கம் துணைக்கு நின்றிருக்கின்றன. ஆனால் இன்று நாம் பார்க்கிற அளவுக்கு வந்ததற்கு 80கள், 90களில் ரப்பர்த் தோட்டங்கள் மேம்பாட்டுத் திட்டங்களுக்காக மூடப்பட்டதுதான் காரணம் என்பது என் எண்ணம். ஒரே வரிசை வீடுகளில், யார் பிள்ளை தப்பு செய்தாலும் யாரும் அதட்டலாம் என்றிருந்த குடும்பங்கள், பட்டண ஓரத்து அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. அதோடு தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்த பிள்ளை பதின்மூன்று வயதில் ஆயிரம் இரண்டாயிரம் பேர் இருக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் போகிறது, மலாய் தடுமாறினால் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் கூடுதல். அந்த முதல் வருஷத்தில் அவனுக்கு யாரையும் தெரியாது. தெரிந்தவனாக வருகிறவன் யார் என்பதுதான் கதை.

சரி, என்ன செய்வது?

அப்பாவைப் பெல்ட்டோடு அனுப்பாதீர்கள். அடித்தால் அன்று ராத்திரி அவன் போய்ப் படுக்க ஓர் இடம் தயாராக இருக்கும். அத்தையாக நீங்கள் பேசுவது உண்மையில் நல்லது, அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாததை அத்தையிடம் சொல்வார்கள். "நீ கேங்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். "யாருக்காவது ஏதாவது கடன்பட்டிருக்கியா, காசாகவோ வேற மாதிரியோ?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அழுவான்.

பள்ளியில் முதலில் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள், முடிந்தால் தமிழ் பேசுகிற ஓர் ஆசிரியரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் பற்றிக் கேட்டீர்கள். மிரட்டல், அடிதடி, பணம் பறிப்பு நடந்திருந்தால் அந்தச் சம்பவத்தின் மேல் புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பள்ளிகளுக்கென்று போலீஸ் தொடர்பு அதிகாரிகள் உண்டு, அவர்கள் வழியாகப் போவது நல்லது. ஆனால் "என் தம்பி மகன் இந்த எண்ணில் இருக்கிறான்" என்று கவுன்டரில் போய்ச் சொல்வதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தில் சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே குற்றம், மூன்று ஆண்டு வரை சிறையோ 5,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ. சிறுவர்களுக்கு விசாரணை வேறு மாதிரி என்றாலும் நீங்கள் சொன்ன பேச்சு பதிவாகும். ஆபத்து உடனடி என்றால் இதெல்லாம் யோசிக்க வேண்டாம், 999. பேச ஆள் வேண்டுமென்றால் தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசு உதவித் தொலைபேசி 15999 இருக்கிறது.

பள்ளி மாற்றம்: வீடு அதே தாமானில் இருக்கும்போது பள்ளியை மட்டும் மாற்றினால் பலன் குறைவு. அந்த எண் புதுப் பள்ளியிலும் இருக்கும், இல்லையென்றால் எதிர் எண் இருக்கும், இரண்டாவது இன்னும் மோசம். வேறு மாநிலத்தில் நம்பிக்கையான சொந்தம் இருந்தால், அங்கேயே தங்கிப் படிக்க முடிந்தால், அது பலிக்கிறது, நான் பார்த்தவரை இளம் வயதிலேயே அனுப்பப்பட்டவர்கள் தேறினார்கள். அது முடியாவிட்டால் அந்தக் காலை நேரத்தைப் பிடியுங்கள். யாராவது ஒரு பெரியவர் வீட்டில் இருப்பது, பட்டறையில் ஒரு தெரிந்தவரிடம் கைவேலை பழகுவது, பந்து விளையாட்டு, எதுவானாலும்.

கடைசியாக ஒன்று, இதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதினேன். விஷயம் வெளியே தெரிந்ததும் உங்கள் சொந்தத்திலேயே ஒருவர் வருவார். "எனக்கு ஆள் தெரியும், தைக்கோகிட்ட, அதான் கேங் தலைவன்கிட்ட, பேசி செட்டில் பண்ணித் தரேன், போலீஸ் கீலீஸ் வேண்டாம்" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். அவர் பேசினால் தீரவும் தீரும், ஒரு வாரத்தில் எல்லாம் அமைதியாகிவிடும். ஆனால் அப்போது கடன்பட்டிருப்பது பையன் மட்டும் இல்லை, உங்கள் தம்பியும்தான். அவரை வீட்டு வாசலோடு நிறுத்திவிடுங்கள்.