டியூலிப்: வெட்டிய பிறகும் வளரும் பூ

கே: பெட்டியில் வரும் டியூலிப் கட்டுகளைப் பிரித்து வாளித் தண்ணீரில் போடுகிறோம். மறுநாள் காலை பாதித் தண்டுகள் வளைந்தே நிற்கின்றன. நிமிர்த்த வழி உண்டா?
– பூக்கடைக்காரர், ஸ்கார்பரோ, கனடா

ப: உண்டு. ஆனால் தண்ணீருக்கு முன்னால் காகிதம் வர வேண்டும். டியூலிப் தண்டுக்கு ரோஜாவைப் போல மரத்தன்மை கிடையாது. உள்ளே நிறையும் நீரின் அழுத்தம்தான் அதை நிமிர்த்தி நிறுத்துகிறது. வாடித் தொங்கும் தண்டு அதே கோலத்தில் தண்ணீர் குடித்தால், அந்த வளைவோடேயே விறைத்துக்கொள்ளும்.

முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பல கட்டுகளில் தண்டின் நுனி வெள்ளையாக இருக்கும். கிழங்கை ஒட்டியிருந்த பகுதி அது, தண்ணீரைச் சரியாக இழுக்காது. கூரான கத்தியால் பச்சை தெரியும் வரை, ஒன்றிரண்டு செ.மீ. வெட்டி எடுங்கள். கத்தரிக்கோல் மென்மையான தண்டை நசுக்கிவிடும். தண்ணீருக்குள் போகும் இலையை மட்டும் கிள்ளுங்கள், மற்றவை இருக்கட்டும். பிறகு கட்டிலுள்ள பூக்களையெல்லாம் நேராக அடுக்கி, செய்தித்தாளில் இறுக்கமாகச் சுருட்டுங்கள். காகிதம் மொட்டுக்கு மேல் நான்கு விரல் உயரம் நிற்க வேண்டும். அடியில் மூன்றில் ஒரு பங்கு தண்டு வெளியே தெரியட்டும். சுத்தமான வாளியில் 8 முதல் 10 செ.மீ. குளிர்ந்த நீர் போதும். வாளியின் விளிம்பில் சாய்க்காமல் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு மூன்று மணி நேரம் கூலரில் (பூ வைக்கும் குளிர்பெட்டியில்) வையுங்கள். மோசமாக வளைந்திருந்தால் ஓர் இரவு. ஒரு பக்கம் மட்டும் விளக்கு எரியும் கூலரானால் வாளி மீது அட்டையைக் கவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூவெல்லாம் விளக்கைத் தேடித் திரும்பும்.

இன்று விற்காத கட்டுகளைத் தண்ணீரில் போடவே வேண்டாம். உறையோடு, உலர்ந்தபடியே, 0–2 டிகிரியில் நிற்க வையுங்கள்; மூன்று நான்கு நாள் தாங்கும். படுக்க வைத்தால் தலை மேல்நோக்கித் திரும்பி வளைந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு. பூவுக்குச் சற்றுக் கீழே தண்டில் கண்ணாடி போல ஈரத் திட்டு விழுந்து, அந்த இடத்திலேயே மடிந்தால், அது வாட்டமல்ல. பசுமைக்குடிலில் வளர்ந்தபோது ஏற்பட்ட கால்சியம் குறை. எந்தக் காகிதமும் அதை நிமிர்த்தாது. படம் எடுத்து மொத்த வியாபாரிக்கு அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள்.

கே: ரோஜாவோடு சேர்த்துக் கட்டிய பொக்கேயில், அடுத்த நாளே டியூலிப் மட்டும் தலை தூக்கி நிற்கிறது. ஏன்?
– வாசகி, பாரிஸ்

ப: வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வெட்டிய பிறகும் டியூலிப் தண்டு நீளும். பூவுக்குக் கீழுள்ள கணுவிடைதான் (கடைசி இலைக்கும் பூவுக்கும் இடையிலுள்ள தண்டு) அதிகம் நீளும். ரகத்தையும் அறையின் வெப்பத்தையும் பொறுத்து சில செ.மீ. கூடும். எனவே கட்டும்போதே டியூலிப்பை மற்ற பூக்களைவிட மூன்று செ.மீ. தாழ்த்தி வையுங்கள், முதல் நாள் ஒளிந்திருப்பது போலத் தோன்றினாலும் மறுநாள் சரியாகிவிடும். பூ குத்தி வைக்கும் பச்சைப் பஞ்சுக்கட்டியில் (ஃப்ளோரல் ஃபோம்) குத்தாதீர்கள்: மென்மையான தண்டு உள்ளே மடியும், நீளும்போது தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்ளவும் செய்யும். தண்டைப் பிடித்து நிறுத்தும் கம்பிவலையோ, ஆணிகள் பதித்த தட்டோ உள்ள ஜாடிதான் சரி. ஜாடி, தண்டின் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

தனி டியூலிப் ஜாடியில் இந்த வளர்ச்சியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. தண்டுகள் வளைந்து நாலாபக்கமும் சாய்வதுதான் அதன் அழகே. நேராகவே வேண்டும் என்பவர்கள் ஜாடியைத் தினமும் அரைச் சுற்றுத் திருப்பி வைக்கலாம்.

கே: தண்ணீரில் செப்புக்காசு, ஆஸ்பிரின், சர்க்கரை. எது உண்மையில் உதவும்?
– வாசகர், கோவை

ப: காசையும் ஆஸ்பிரினையும் நம்பிப் பயனில்லை. சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. ரோஜாவுக்கான பூ உணவுப் பொட்டலமும் டியூலிப்புக்குப் பொருந்தாது: அதிலுள்ள சர்க்கரையால் பூவுக்கு முன்பே இலை மஞ்சளாகும். கிழங்குப் பூக்களுக்கென்று தனி உணவு கிடைக்கிறது. அதில் இலையைப் பச்சையாக வைத்திருக்கும் ஜிப்பரெலின், சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோன்கள் உண்டு. பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்கே தண்ணீர் சேருங்கள், கண்ணளவில் கொட்டாதீர்கள். அது கிடைக்காவிட்டால் தேய்த்துக் கழுவிய ஜாடியும் தினமும் மாற்றும் குளிர்ந்த நீருமே போதும்.

கே: டாஃபடிலையும் (வசந்தத்தில் பூக்கும் இன்னொரு கிழங்குப் பூ) டியூலிப்பையும் ஒரே வாளியில் வைக்கலாமா?
– பூக்கடைக்காரர், ஸ்கார்பரோ

ப: கூடாது. வெட்டிய டாஃபடில் தண்டிலிருந்து வழியும் கொழகொழப்பான சாறு டியூலிப்பைச் சீக்கிரம் வாட்டிவிடும். டாஃபடிலைத் தனி வாளியில் ஒரு நாள் வடிய விட்டு, தண்டைக் கழுவி, மறுபடி வெட்டாமல் சேருங்கள். மறுபடி வெட்டினால் மறுபடி வழியும். அந்த வாளித் தண்ணீரையும் வேறு பூவுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கே: மாலை வரவேற்புக்கு மேசை அலங்காரமாக டியூலிப் வேண்டுமென்கிறார்கள். கடையில் மொட்டாக இருப்பது மண்டபத்தில் இரண்டு மணி நேரத்தில் மல்லாந்து விரிகிறது.
– அலங்காரக்காரர், சென்னை

ப: வெப்பம் ஏறினால் டியூலிப் இதழின் உட்புறம் வேகமாக வளர்ந்து பூ விரியும், குளிர்ந்தால் வெளிப்புறம் வளர்ந்து மூடிக்கொள்ளும். ஹாலந்திலிருந்து விமானத்தில் வந்த பூவுக்கு 32 டிகிரி மண்டபம் என்றால் விரியாமல் என்ன செய்யும்? வாங்கும்போதே மூடிய மொட்டாக, நிறம் பாதிக்கு மேல் ஏறியதாகத் தேர்ந்தெடுங்கள். முழுப்பச்சை மொட்டு பிறகு சரியாக நிறம் பிடிக்காது. பூக்கட்டை லேசாக அழுத்தினால் இலைகள் உரசிக் கீச்சென்று சத்தம் வர வேண்டும், அது புதிய சரக்கு. ஜாடியோடு அலங்கரித்து, விருந்தினர் வருவதற்கு அரை மணி முன்புவரை குளிரிலேயே வைத்திருங்கள். மேசைக்கு நேர் மேலே ஹாலஜன் விளக்கு வேண்டாம். ஏ.சி. இல்லாத மண்டபம் என்றால் ஆர்டரை ஏற்காதீர்கள்; அந்தப் பணத்துக்கு ஆந்தூரியம் வைத்தால் மறுநாளும் நிற்கும்.

கே: சீசனில் நாள் முழுக்க டியூலிப் கட்டுவதால் விரல் நுனி வறண்டு வெடிக்கிறது. க்ரீம் போட்டும் ஆறவில்லை.
– கடை ஊழியர், லண்டன்

ப: பூக்கடைக்காரர்களிடையே பழகிய தொல்லைதான் இது. டியூலிப்பின் தண்டிலும் இலையிலும் உள்ள டியூலிபாலின்–ஏ என்ற பொருள் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். கிழங்கில் இன்னும் அதிகம். வினைல் கையுறையை அது ஊடுருவிவிடும், நைட்ரைல் கையுறையே பாதுகாப்பு. ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு சிறிதளவு சாறே போதும், தோல் மறுபடி வெடிக்கும். தோல் மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், பேட்ச் சோதனையில் (சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) உறுதிசெய்துவிடலாம்.